“அவர் என் ஆளே இல்லை” என்று முதலாளி சொன்னால்?

கேள்வி: என் கணவருக்கு 35 வயது. கோவையில் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் பவர் பிரஸ் ஓட்டினார், தினக்கூலி 650 ரூபாய். 2025 ஜூலையில் தகட்டை அழுத்தும் அச்சுக்குள் (டை) கை சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததோடு சரி. நஷ்டஈடு கேட்டால், “அவர் கான்ட்ராக்டர் ஆள், தினக்கூலி, கவனமில்லாமல் கையை விட்டதும் அவர்தான்” என்கிறார் முதலாளி. ஈ.எஸ்.ஐ. கிடையாது. இப்போது சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். வக்கீல் வைக்க வசதியில்லை.
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, முதலாளி மறுத்தது அவருடைய பேச்சு, தீர்ப்பு இல்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையரோ துணை ஆணையரோ அந்தப் பொறுப்பில் இருப்பார். உங்கள் கணவருக்கு விபத்து நடந்தது 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வருவதற்கு முன்பு என்பதால் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படியே கேட்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கோவைக்கு அலையவும் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே கொடுக்கலாம்.

முதலாளி சொன்ன மூன்று காரணமும் நிற்காது. கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆளானாலும் பட்டறையின் வேலையைத்தானே செய்தார், பட்டறைக்காரரிடமே கேட்கலாம், அவர் வேண்டுமானால் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். தினக்கூலி என்பது தடையே இல்லை. கவனக்குறைவு என்று சொல்லியும் தப்ப முடியாது: குடிபோதையால் நேர்ந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார், இவற்றில் ஒன்றை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும்.

தொகை எவ்வளவு வரும்? சம்பளம் அதிகமானாலும் மாதம் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. அதை 35 வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள பெருக்கும் எண்ணான 197.06-ஆல் பெருக்கினால் 17,73,540, இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில் இரண்டு விரல்கள் முழுதாகப் போயிருந்தால் சட்ட அட்டவணைப்படி 20 சதவீத இழப்பு, அதாவது 3,54,708 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தராததால் 12 சதவீத வட்டியும் உண்டு, தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்திருந்தால் அபராதமும் போடலாம்.

வக்கீலுக்கு வருவோம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், கணவரையே கூட்டிப்போய் மனு எழுதிக் கொடுங்கள். தொழிற்கூடத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. நேரில் போகுமுன் விசாரிக்க 15100-ஐ அழைக்கலாம். வெளியே யாராவது “வரும் பணத்தில் பாதி எனக்கு” என்றால் திரும்பி வந்துவிடுங்கள், அப்படிப் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான நடத்தை விதிகளுக்கே விரோதம்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டு நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் முதலில் வாங்குங்கள். “மெஷினில் மாட்டியது” என்று அதில் எழுதியிருந்தால் பெரிய பலம். கூலிச் சீட்டு இல்லையென்றால் வங்கியிலோ கூகுள் பேயிலோ கூலி வந்த கணக்கு, மேஸ்திரியோடு பேசிய வாட்ஸ்அப், கூட வேலை செய்தவரின் சாட்சி, எல்லாமே உதவும். அப்புறம் ஒன்று: வழக்குப் போட்டதும் பத்தோ இருபதோ ஆயிரத்தை நீட்டி, “இனி எதுவும் கேட்க மாட்டேன்” என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, ஆனாலும் அந்தத் தாளை வைத்து வழக்கை வருடக்கணக்கில் இழுப்பார்கள். சமரசம் பேசுவதென்றால் ஆணையர் முன்னால், பதிவு செய்து மட்டுமே பேசுங்கள்.