தென் அமெரிக்காவின் தென்கோடியில், அர்ஜென்டினாவிலும் சிலியிலும் பரந்துகிடக்கும் படகோனியாவைக் குறைந்த செலவில் முதுகுப்பையோடு சுற்ற முடியுமா? இரண்டு வாரம் போதுமா?

முடியும். ஆனால் இரண்டே வாரத்தில் சிலியின் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்கா, அர்ஜென்டினாவின் ஃபிட்ஸ் ராய் சிகரம், பெரிட்டோ மொரேனோ பனியாறு, தென்கோடி ஊரான உஷுவாயா எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் அது நடக்காது. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். அங்கே பணத்தைத் தின்பது தூரம். ஓட்டல்கூட அதற்கு அப்புறம்தான். நிதானமாக ஓரிடத்தில் தங்கி நடப்பவருக்குப் படகோனியா ஓரளவு மலிவு, ஊர் ஊராக ஓடுபவருக்கு மிகவும் விலை.

கணக்கைப் பாருங்கள். தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து, பெரிட்டோ மொரேனோவுக்குப் பக்கத்து ஊரான எல் கலஃபாதே சாலை வழியாகச் சுமார் 2,700 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு நாள் போய்விடும், முன்கூட்டியே எடுத்த விமானச் சீட்டு பல சமயம் அதைவிட மலிவாகவே கிடைக்கும் (பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்). எல் கலஃபாதேயிலிருந்து ஃபிட்ஸ் ராய் அடிவார ஊரான எல் சல்தெனுக்கு 3 மணி நேரம். எல்லை தாண்டி, டோரஸ் டெல் பைனேக்குப் போகும் வழியில் உள்ள சிலி ஊரான புவெர்த்தோ நத்தாலெஸுக்கு எல் கலஃபாதேயிலிருந்து ஐந்தாறு மணி நேரம். அங்கிருந்து புந்தா அரேனாஸ் 3 மணி நேரம், அதற்கப்புறம் மகெல்லன் நீரிணையைப் படகில் கடந்து உஷுவாயா போக இன்னொரு 12 மணி நேரம். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு டிக்கெட்டும் ஒரு நாளும் போகும். அதனால் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் உஷுவாயாவை விட்டுவிடுங்கள். "உலகின் கடைசி ஊர்" என்ற பலகைமுன் ஒரு படம் எடுப்பதற்காக அவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் கைகாட்டுவது எல் சல்தென். சிலியோடு எல்லைத் தகராறு இருந்த காலத்தில், 1985இல், அர்ஜென்டினா அவசரமாக உருவாக்கிய சின்ன ஊர் அது. மலைப்பாதை ஊர்த் தெருவின் முனையிலேயே தொடங்குகிறது, வண்டி எதுவும் பிடிக்க வேண்டாம். காலையில் ஹாஸ்டலில் இருந்து இறங்கி நடந்தால் மதியத்துக்குள் ஃபிட்ஸ் ராய் அடிவாரத்தில் லகூனா தெ லோஸ் த்ரெஸ் ஏரிக்கரையில் இருக்கலாம். போய்வர 20 கிலோமீட்டருக்கு மேல் வரும், கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் சுமார் 400 மீட்டர் செங்குத்து ஏற்றம், முழங்காலுக்கு அங்கேதான் சோதனை. டிசம்பர், ஜனவரியில் (அங்கே அதுதான் கோடை) இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரப்படத் தேவையில்லை. லகூனா தோர்ரே என்ற இன்னோர் ஏரிக்கு நடப்பது அதைவிட எளிது. மேகம் மூடியிருந்தால் அறையில் இருந்துவிட்டு, வானம் திறக்கும் நாளில் கிளம்பலாம். ஓரிடத்தில் தங்குவதன் பெரிய லாபமே இதுதான், ஒரு நாள் மட்டும் ஒதுக்கி வருகிறவர்களில் பலர் அந்தச் சிகரத்தைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். ஒன்று மட்டும்: பழைய பயணக் குறிப்புகளில் "நுழைவு இலவசம்" என்று இருக்கும், 2024 கடைசியிலிருந்து அங்கேயும் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். டென்ட் போடும் இடங்களுக்கு இப்போது என்ன விதி என்று ஊர் நுழைவில் உள்ள பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

டோரஸ் டெல் பைனே வேறு கதை. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நினைத்த இடத்தில் டென்ட் போட அனுமதி கிடையாது. முன்பதிவு செய்த முகாமில்தான் தங்க வேண்டும், அந்த இடங்கள் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே தீர்ந்துவிடும். கடைசி நேரத்தில் மிஞ்சியிருப்பது ரெஃபூஹியோ எனப்படும் மலை விடுதிகளின் விலை உயர்ந்த கட்டில்கள்தான். முகாம் கிடைக்கவில்லை என்றால் புவெர்த்தோ நத்தாலெஸில் தங்கிக்கொண்டு, காலைப் பேருந்தில் போய், கோபுரம்போல் நிற்கும் மூன்று பாறைச் சிகரங்களின் அடிவாரம் வரை ஏறி, மாலையில் திரும்பிவிடலாம்.

அங்கே நெருப்பு விஷயத்தில் காட்டும் கண்டிப்பைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2005இல் ஒரு பயணியின் சின்ன அடுப்பு கவிழ்ந்து சுமார் 15,000 ஹெக்டேர் எரிந்தது. 2011 டிசம்பரில் பற்றிய தீ இன்னும் சுமார் 17,000 ஹெக்டேரைத் தின்றது. பாதையில் நடக்கும்போது வெள்ளையாக வெளுத்து நிற்கும் லெங்கா மரங்களைப் பார்ப்பீர்கள், இப்படிப்பட்ட தீயில் செத்தவை. காற்று அடிக்கிற அடியில் ஒரு பொறி போதும். சமையலுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

காற்று என்றதும் டென்ட் ஞாபகம் வருகிறது. சமவெளியில் நன்றாக நிற்கும் மலிவு டென்ட் அங்கே கம்பி வளைந்து படுத்துவிடும், கோடையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று அபூர்வமில்லை. துணியை விரிப்பதற்கு முன்பே ஒரு மூலையை அடித்து இறுக்கி, பையை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, அப்புறம் கம்பியைச் செருகுங்கள். நுழைவாயில் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் இருக்கட்டும். ஆணிமேல் தலையளவு கல். எங்கே மிச்சம் பிடித்தாலும் டென்டிலும் ஸ்லீப்பிங் பேக்கிலும் பிடிக்காதீர்கள்.

சாப்பாட்டில்தான் நிஜமாகவே மிச்சம் பிடிக்கலாம். உணவகம் பக்கம் போகாமல் ஹாஸ்டல் சமையலறையில் பொங்கித் தின்றால் செலவு பாதியாகக் குறையும். எல் சல்தெனில் காய்கறி விலையும் அதிகம், வாடலும் அதிகம், எல் கலஃபாதேயிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் எடுத்துப்போக முடியாது, ஆனால் புதிதாக வாங்கும் முன் ஹாஸ்டல் சமையலறை மூலையில் விட்டுப்போன பொருட்களுக்கென்று ஓர் அலமாரித் தட்டு இருக்கிறதா பாருங்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் பாதி தீர்ந்த குப்பி, அரைப் பொட்டலம் பாஸ்தா, ஓட்ஸ், உப்பு எல்லாம் விட்டுவிட்டுப் போவார்கள். குலுக்கிப் பார்த்தால் எவ்வளவு மீதி என்று தெரிந்துவிடும். இன்னொன்று, அர்ஜென்டினாவில் எல்லாரும் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் மாத்தே என்ற இலைப் பானத்தைக் குடிப்பதால் பெட்ரோல் பங்குகளில் பெரும்பாலும் வெந்நீர் கிடைக்கும். ஒரு நல்ல பிளாஸ்க் வைத்திருந்தால் பேருந்து நிற்கும்போது நூடுல்ஸுக்கும் காபிக்கும் அதுவே போதும்.

சிலி எல்லையில் மட்டும் கவனம். பழம், காய், இறைச்சி, தேன், விதை, பருப்பு இவற்றில் எது பையில் இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். அர்ஜென்டினாப் பக்கமே அவற்றைத் தின்று தீர்ப்பது உத்தமம். விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் இரண்டு நாட்டுக்கும் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பாருங்கள், இந்த வழியில் எல்லையை ஒருமுறை மட்டும் கடப்பவர்கள் குறைவு.

ஒரு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் நான் வேறு பதில் சொல்வேன்: சிலியின் கர்ரெத்தேரா அவுஸ்த்ரால் என்ற நெடுஞ்சாலை. புவெர்த்தோ மோந்த்தில் தொடங்கி வில்லா ஓ'ஹிக்கின்ஸ் வரை சுமார் 1,240 கிலோமீட்டர், தெற்கே பல இடங்களில் இன்னும் சரளைக்கல் சாலைதான். லிஃப்ட் கேட்டுப் போவது அங்கே சகஜம், ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் சிலி மாணவர்கள் விடுமுறைக்குக் கிளம்பிச் சாலையோரம் வரிசையாக நிற்பார்கள், பொறுமை வேண்டும். தெருக்களே இல்லாமல் மரப் பலகை நடைபாதைகளால் ஆன கலேத்தா தோர்த்தெலிலிருந்து புவெர்த்தோ நத்தாலெஸுக்கு ஒரு கப்பல் போகிறது, தீவுகளுக்கு நடுவே உள்ள கடல் கால்வாய்கள் வழியாகக் கிட்டத்தட்ட இரண்டு நாள். டிக்கெட் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். பயணம், இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம், கூட்டிப் பார்த்தால் லாபம். ஆனால் தினமும் கிடையாது, நாள் பார்த்துத் திட்டமிடுங்கள்.

எப்போது போவது? கூட்டமும் விலையும் ஜனவரியில் உச்சம். எனக்குப் பிடித்தது மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பம். லெங்கா காடு சிவந்திருக்கும், காற்றும் சற்று அடங்கியிருக்கும், குளிர் கூடும், சில முகாம்கள் மூடத் தொடங்கும். எந்த மாதமானாலும் டோரஸ் டெல் பைனேயில் தங்கி நடக்கப்போகிறீர்கள் என்றால் முகாம் தேதிகளை முதலில் உறுதி செய்துவிட்டு, அந்தத் தேதிகளை வைத்து விமானம் எடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, அப்புறம் இருக்கிற கட்டிலுக்குக் கேட்கிற விலையைக் கொடுக்கிறார்கள்.