வைக்கோல் தூசியும் இரவுக் காய்ச்சலும்: காட்டுமன்னார்கோயில் நண்பருக்கு

ஐயா, மழையில் நனைந்த குறுவை வைக்கோல் போரைப் பிரித்த அன்றெல்லாம் இரவில் குளிர், காய்ச்சல், இருமல் என்றும், ஆட்கள் முகக்கவசம் அணிய மறுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

இது சாதாரணச் சளியாகத் தெரியவில்லை. பூஞ்சணம் பிடித்த வைக்கோலின் தூசியைச் சுவாசித்தால் 4 முதல் 8 மணி நேரம் கழித்துத்தான் இப்படிப் படுத்தும். 'விவசாயி நுரையீரல்' என்றே இந்த ஒவ்வாமைக்குப் பெயர். அடிக்கடி வந்தால் நுரையீரலில் ஆறாத தழும்பு விழும். கடலூரிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். வைக்கோல் பிரித்ததை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நிமோனியா என்று நினைத்துவிடக்கூடும்.

துண்டு கட்டிக்கொள்வதை நம்பாதீர்கள். நானும் பல வருடம் கட்டியவன்தான். மாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாகவே வரும். நுண்தூசியை வடிகட்டும் என்95 முகக்கவசம் அல்லது ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 வகை முகக்கவசம் வாங்குங்கள். மூக்குக் கம்பியை அழுத்திப் பொருத்த வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் தூசி புகுந்துவிடும். பூச்சிமருந்து அடிக்க இது போதாது. ஆவியைப் பிடிக்கக் கரி வடிகட்டி உள்ள முகமூடி தனியாக வேண்டும்.

ஆட்கள் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள்: வரப்பில் வெறும் முகத்தோடு நின்று உத்தரவு போட்டால் யார் கேட்பார்கள்? நீங்கள் அணிந்துகொண்டு முதல் கட்டைப் பிரியுங்கள், அடுத்து மேஸ்திரி. புழுக்கத்தில் மூச்சு முட்டுவது உண்மைதான். அதனால் காலை வெயில் ஏறுமுன் வேலையை வைத்து, இடையிடையே கழற்றி ஓய்வெடுக்க விடுங்கள். காற்று முதுகில் படும்படி நின்று, போரில் லேசாகத் தண்ணீர் தெளித்த பிறகே பிரியுங்கள். கறுத்துப்போன கட்டுகளை மாட்டுக்கும் போட வேண்டாம்.