ஃபேஜ் கொண்டு கிருமி கண்டறிதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டிஎன்ஏவைப் பெருக்கிக் கிருமியைக் காட்டும் பிசிஆர் சோதனை இருக்கும்போது, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் எதற்கு?

பதில்: இறந்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் பிசிஆர் காட்டிவிடும், ஃபேஜ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும்.

கேள்வி: பால் பவுடரில், நோய் தரும் பாக்டீரியாவான சால்மொனெல்லா இருந்தால் ஒளிரும் ஃபேஜ் இரண்டே மணி நேரத்தில் காட்டிவிடும் என்று ஒரு விற்பனையாளர் கூறுகிறார். நம்பலாமா?

பதில்: அந்த இரண்டு மணி நேரம் கடைசிப் படிக்கு மட்டும் உரியது. 25 கிராம் மாதிரியில் ஒரு சால்மொனெல்லாகூட இருக்கக் கூடாது என்பது விதி; அந்த மாதிரியை 225 மில்லி வளர்ப்பு ஊடகத்தில் கலக்கிய பின், அதில் கிடக்கும் ஒற்றைச் செல்லுக்குள் லூசிஃபெரேஸ் (ஒளியை உண்டாக்கும் நொதி) மரபணு ஏற்றிய ஃபேஜ் நுழைந்தாலும், அங்கிருந்து எழும் ஒளியைக் கருவி நம்பகமாக அளக்காது. மேலும், ஃபேஜுக்குச் சொந்த ரைபோசோம் (புரதம் செய்யும் செல் உறுப்பு) கிடையாது. ஒளிரும் புரதத்தைச் செய்து தர வேண்டியதும் பாக்டீரியாவே என்பதால், உலர்த்தும்போது அடிபட்டுச் சோர்ந்த செல்லிலிருந்து ஒளியை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஏறத்தாழ ஓர் இரவு வளர்த்து, செல்லைத் தேற்றிப் பெருக்கிய பிறகே ஃபேஜைச் சேர்க்க வேண்டும். அந்த இரவைக் கணக்கில் சேர்க்காமல் வேகத்தைப் பேசுவதைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். அந்த எண்ணை நம்பி முன்வளர்ப்பைச் சுருக்கும் ஆலையிலிருந்து, சோதனையில் தேறியது என்ற முத்திரையோடு, கிருமியுள்ள பவுடர் குழந்தையின் பால்புட்டிக்குப் போய்ச் சேரும். மாதிரி எடுத்ததிலிருந்து முடிவு வரும் வரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். தெரிந்த அளவு சால்மொனெல்லாவை உங்கள் பவுடரிலேயே கலந்து, கட்டுப்பாட்டு மாதிரியாக வைத்து நடத்திக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: குளோரின் கலந்த குடிநீரில் ஈ.கோலை (குடல் பாக்டீரியா) இல்லை, கோலிஃபேஜ் (அதைத் தாக்கும் ஃபேஜ்) இருக்கிறது. சோதனை தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. ஈ.கோலையை எளிதில் கொல்லும் குளோரின் அளவைப் பல கோலிஃபேஜ்கள் தாங்கிவிடும். கழிவுநீர் கலந்திருக்கலாம், குடல் வைரஸ்களும் தப்பியிருக்கலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. மூலநீரில் 100 மில்லிக்கு 50க்கு மேல் சோமாட்டிக் கோலிஃபேஜ் (செல்லின் மேற்பரப்பில் நேரடியாக ஒட்டித் தாக்கும் வகை) இருந்தால், சுத்திகரிப்பின் படிகளுக்குப் பின்னும் எண்ணிப் பார்க்கும்படி 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியக் குடிநீர் ஆணை சொல்வது இதனால்தான். கட்டுப்பாட்டுத் தட்டு (விடை முன்பே தெரிந்த மாதிரியை வைத்து நடத்தும் ஒப்பீட்டுத் தட்டு) சரியாக இருந்ததா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தட்டில் பிளாக் (ஃபேஜ் பாக்டீரியாவை அழித்த இடத்தில் தோன்றும் தெளிந்த வட்டம்) ஒன்றுகூட இல்லை. மாதிரி சுத்தம்தானே?

பதில்: எந்த ஃபேஜ், எந்த ஓம்புயிர் (ஃபேஜ் பெருகும் பாக்டீரியா), மாதிரி பாலா நீரா என்று எதையும் எழுதாமல் இப்படிக் கேட்பது முறையன்று. கட்டுப்பாட்டுத் தட்டில் பிளாக் தோன்றியதா என்பதையாவது எழுதியிருக்க வேண்டும். அந்தத் தட்டு இல்லையென்றால், மாதிரி சுத்தமாக இருக்கிறதா, ஃபேஜ் செயலிழந்துவிட்டதா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

கேள்வி: சால்மொனெல்லா வகைகள் அனைத்துக்கும் ஒரே ஃபேஜ் போதுமா?

பதில்: போதாது. பரந்த வீச்சுக்குப் பெயர்பெற்ற ஃபீலிக்ஸ் ஓ1 என்ற ஃபேஜ் பெரும்பாலான வகைகளைத் தாக்கும். மீதிக்கு வேறு ஃபேஜ்களையும் சேர்த்துக் கலவையாகப் பயன்படுத்த வேண்டும், கலவையை மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டுத் தட்டைப் புதிதாக வைக்க வேண்டும்.