மழை நல்ல மழை, ஆனால் வெள்ளம் பாதி வயலோடு நின்றுவிட்டது

கேள்வி: போட்ஸ்வானாவில், மவுனுக்கு வடகிழக்கே ஷொரோபே பக்கம், ஒகவாங்கோ டெல்டா ஓரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மொலாப்போ, அதாவது வெள்ளம் வடிந்தபின் அந்த ஈரத்தில் பயிரிடும் படுகை, இருக்கிறது. போன பருவத்தில் ஊரில் நல்ல மழை. இருந்தும் வெள்ளம் பாதி வயலோடு நின்றுவிட்டது. இந்தச் செப்டம்பரில் முழு வயலிலும் மக்காச்சோளம் விதைக்கலாமா?

பதில்: முழு வயலிலும் வேண்டாம், ஈரம் ஏறிய கீழ்ப்பாதியில் மட்டும் போடுங்கள்.

உங்கள் ஊர் மழையை வைத்து வெள்ளத்தைக் கணக்குப் போட முடியாது. அது அங்கோலா மேட்டுநிலத்தில் நவம்பரிலிருந்து மார்ச் வரை பெய்த மழை. ஆறு போட்ஸ்வானாவுக்குள் நுழையும் மொஹெம்போவில் எல்லை தாண்டி, நாணலுக்குள் ஊர்ந்து உங்கள் பக்கம் வந்துசேர ஜூன், ஜூலை ஆகிவிடும். வழியிலேயே பெரும்பகுதியை வெயிலும் செடிகொடிகளும் குடித்துவிடுகின்றன. முந்தைய ஆண்டு வறட்சி என்றால் அடிமணல் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் வயலுக்கு. 2010, 2011இல் அளவுக்கு மீறி வந்த அதே வெள்ளம்தான் 2019இல் மிக மோசமாகச் சுருங்கியது.

சரி, ஈரம் எதுவரை இருக்கிறது? மண்வெட்டியால் பத்தடிக்கு ஒரு குழி, இரண்டு அடி ஆழம் தோண்டுங்கள். அடிமண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, தட்டினாலும் உதிராமல் நின்றால் மக்காச்சோளத்துக்குப் போதும். உதிர்கிற இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். அந்தக் குச்சி வரிசைதான் உங்கள் எல்லை.

குச்சிக்குக் கீழே குறுகிய கால மக்காச்சோள ரகம், வரிசைக்கு வரிசை மூன்று அடி. விதையைத் தூவி உழவேண்டாம். ஈரமண்ணைத் தொடும்படி ஊன்றுங்கள். உழவு மேலாக இருக்கட்டும், அன்றைக்கே பரம்பு ஓட்டிவிடுங்கள். ஒரு பகல் திறந்துகிடந்தாலே ஈரம் போய்விடும். எல்லையை ஒட்டித் தட்டைப்பயறும் தர்ப்பூசணியும் போடலாம். மேட்டுப்பாதியைத் தொடாதீர்கள், நல்ல மழை ஒன்று விழுந்தபிறகு வெள்ளைச்சோளம் விதையுங்கள். டிசம்பர், ஜனவரியில் மழை இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டாலும் அது தாங்கும். மக்காச்சோளம் அப்போது பூவெடுத்தால் மணி பிடிக்காது.

வரும் ஆண்டுகளில் ஏப்ரலிலேயே மொஹெம்போ நீர்மட்டத்தை விசாரித்துக்கொண்டு, அப்புறம் விதை வாங்குங்கள்.

இன்னொன்று. அக்டோபரில் சுற்றுவட்டாரத்தில் பச்சையாக நிற்கப்போவது உங்கள் வயல்தான், யானை வராமல் இருக்காது. காய்ந்த மிளகாயைத் தூளாக்கி யானைச் சாணத்தில் பிசைந்து காயவைத்து, இரவில் காற்று வரும் பக்கத்து வேலியோரம் புகைய விடுங்கள்.