உடல் தோற்றக் கவலைக்கு வீட்டிலிருந்தே விஆர் சிகிச்சை எடுக்கலாமா?

கண்ணாடியைப் பார்த்தாலே குண்டாகத் தெரிகிறேன், வீடியோ காலில் நடக்கும் சிகிச்சையில் விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி) உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவ வாய்ப்புண்டு. நம் உடல் எவ்வளவு பெரியது என்பதை மூளை கண்ணால் மட்டும் முடிவு செய்வதில்லை. தொடுதலையும் அசைவையும் சேர்த்தே கணிக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்டில், அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை மிகவும் குறைத்துக்கொள்ளும் நோய்) உள்ள பெண்களுக்கு ஆரோக்கியமான எடையுள்ள ஓர் உடலை ஹெட்செட்டில் காட்டினார்கள். அந்த வயிறு வருடப்படும் அதே நொடியில் அவர்களுடைய நிஜ வயிற்றையும் வருடினார்கள். தங்களை உள்ளதைவிடப் பருமனாகக் கணிப்பது குறைந்தது, 2 மணி 45 நிமிடம் கழித்தும் அது நீடித்தது. 2016-ல் வெளியான இந்த முடிவு எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

சரி, வீட்டில் வருடிவிட யார் இருக்கிறார்கள்? அங்கே அசைவுதான் கைகொடுக்கும். நீங்கள் கையைத் தூக்கினால் திரையிலுள்ள உருவமும் தூக்கும். அதை மூளை தன் உடலாக ஏற்கத் தொடங்கும். அப்புறம் துணிக்கடை ட்ரையல் ரூம் போன்ற பயமூட்டும் இடங்களைப் படிப்படியாகச் சந்திக்கலாம், சிகிச்சையாளர் அழைப்பில் கூடவே இருக்க வேண்டும். தனியாக உருவத்தை ஒல்லியாக்கிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கவலை கூடிவிடும். சாப்பாட்டைக் குறைத்திருந்தால் முதலில் நேரில் மருத்துவரைப் பாருங்கள். எடையும் நாடித்துடிப்பும் ரத்தமும் ஹெட்செட்டில் தெரியாது.