‘சைனி டை’ என்றால் என்ன?

கல்லூரி அறிவிப்பில் ‘க்ளோஸ்டு சைனி டை’ என்று இருந்ததைப் பார்த்து, இந்த ‘டை’ சாவைக் குறிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. இது லத்தீன். ‘சினே’ என்றால் இல்லாமல், ‘டியே’ என்றால் நாள். மறுபடி திறக்கும் நாளைச் சொல்லாமல் மூடுகிறார்கள், அவ்வளவுதான்.

‘பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இதேதான். எவ்வளவு துல்லியமான தமிழாக்கம்!

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இப்படி ஒத்திவைத்தாலே கூட்டத்தொடர் முடிந்துவிடாது. மக்களவையை ஒத்திவைப்பவர் சபாநாயகர். கூட்டத்தொடரை முறைப்படி முடித்துவைப்பவர் குடியரசுத் தலைவர். அதற்கு முன்பு சபாநாயகரே அவையைத் திரும்பக் கூட்டலாம்.

வாக்கியத்தில் வினைக்குப் பின்னால் வரும்: ‘தி ஹவுஸ் வாஸ் அட்ஜர்ன்ட் சைனி டை’. அவை, நீதிமன்றம், அலுவலக அறிவிப்பு ஆகியவற்றுக்கே இது பொருந்தும். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.