போர் நினைவு ஜன்னலில் சிலிகான் பூசலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதல் உலகப் போரில் மாண்டவர்கள் நினைவாக வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று எங்கள் ஆலயத்தில் இருக்கிறது. நடுப்பகுதி உள்பக்கமாகப் புடைத்து, காற்றடித்தால் கடகடக்கிறது. கம்பிகளிலிருந்து துருநீர் வழிகிறது. சந்துகளில் சிலிகான் அடைத்து, வெளியே பாலிகார்பனேட் ஷீட் போட்டால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். குருசேகரக் குழு (ஆலய நிர்வாகக் குழு) சம்மதிக்கலாமா?
– வாசகர், வேப்பேரி

பதில்: இரண்டுமே வேண்டாம். சிலிகான் ஒட்டிய இடத்தில் பின்னால் அதை உரித்தால் ஓவியமும் சேர்ந்து உரியும். காடி வாடை வீசும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளாவதுகூடப் பெரிதல்ல. சுற்றிலும் அடைத்துக் கட்டினால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும், அதுதான் கெடுதல்.

கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருப்பது ஈயப்பட்டை. சூட்டில் அது கண்ணாடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். பகலில் விரிந்து இரவில் சுருங்கியே நூறு வருடம் போனால் ஈயம் தளர்ந்துவிடும். அந்தப் பாரத்தைத் தாங்கவே குறுக்கே இரும்புக் கம்பிகள் உண்டு. ஈயப்பட்டையில் பற்றவைத்த செம்புக் கம்பியை அவற்றில் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டு அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல புடைப்புகளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக நூல் பிடித்துக் குழிவை அளக்கவும். ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்து, விரலால் மெல்லத் தொட்டால் அசையாமல், கண்ணாடியில் கீறலும் இல்லையென்றால் கழற்ற வேண்டியதில்லை. செம்புக் கட்டுகளைப் புதுப்பித்து, புட்டியை (கண்ணாடிக்கும் ஈயப்பட்டைக்கும் நடுவே அடைக்கும் பசையை) மட்டும் மாற்றினால் போதும். அதற்கு மேல் போனாலோ, ஈயப்பட்டைகள் சேரும் இடங்களில் பற்று விட்டிருந்தாலோ பலகத்தைக் கழற்றி மேசையில் படுக்கவைத்துத்தான் சரிசெய்ய முடியும். இருந்த இடத்திலேயே கையால் அழுத்தி நிமிர்த்தப் பார்க்கிறவர்கள் உண்டு. பழைய புட்டி கல்லாக இறுகியிருக்கும். ஈயம் வளைவதற்குள் கண்ணாடி உடைந்துவிடும்.

புட்டி என்பது கடைச் சரக்கல்ல: சீமைச்சுண்ணாம்புத் தூள், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், நிறத்துக்குக் கொஞ்சம் விளக்குக் கரி. வெளிப்பக்கமிருந்து ஈயப்பட்டையின் உதட்டுக்கு அடியில் பிரஷ்ஷால் ஏற்றி, மேலே உலர்ந்த சீமைச்சுண்ணாம்புத் தூளைத் தூவி எண்ணெயை இழுக்கவிட்டு, மறுநாள் கூரான மரக்குச்சியால் வழித்தெடுக்க வேண்டும். ஓவியம் பெரும்பாலும் உள்பக்கம் இருப்பதால் அங்கே பிரஷ் படக்கூடாது.

இரும்புதான் சென்னையில் உண்மையான எதிரி. உப்புக் காற்றில் கம்பியில் ஏறும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, சுவரில் புதைந்த நுனியைச் சுற்றிக் கல்லையும் பூச்சையும் பிளக்கும். பிறகு கண்ணாடியை நெருக்கும். சுரண்டி பெயின்ட் அடித்தால் சில வருடம் தள்ளலாம், அவ்வளவே. மாற்றுவதாக இருந்தால் 316 தர எவர்சில்வர் கம்பி கேளுங்கள். 304 மலிவு, ஆனால் கடற்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

வேலையை ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் வெளிச்சம் ஊடுருவும்போது ஒன்று, மேலே விழும்போது ஒன்று எனப் படமெடுத்து, தாளை வைத்து மெழுகுப் பென்சிலால் தேய்த்து ஈயக் கோடுகளை எடுத்து, துண்டுக்குத் துண்டு எண் போடவும். பலகத்தை நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் மடங்கும். ஈயத் தூசி உள்ள இடத்தில் துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெளியே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பாதுகாப்பு வேண்டும்தான் என்றால் 6 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி, இடையில் ஒரு அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி, மேலும் கீழும் பூச்சிவலை போட்ட காற்றுவழி.

கேள்வி: அடிப்பகுதியில் உள்ள வீரர்களின் பெயர்கள் மங்கிவிட்டன. சோப்பு போட்டுத் துடைத்து, மேலே பெயின்டால் எழுதலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: சோப்பு, வினிகர், எலுமிச்சை, பாட்டிலில் வரும் கண்ணாடி கிளீனர் எதுவும் வேண்டாம். அந்த எழுத்து, இரும்பு ஆக்சைடும் கண்ணாடிப் பொடியும் கலந்து சூளையில் சுட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில பட்டறைகள் வெங்காரம் சேர்த்தன. அந்தக் கலவை ஈரத்தில் பொடிந்துபோகும். பூதக்கண்ணாடியால் பாருங்கள்: செதில் எழும்பியிருந்தால் தொடவே வேண்டாம். உறுதியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை உருட்டி எடுக்கலாம், தேய்க்கக்கூடாது.

மறைந்த எழுத்தை வாசிக்க, இருட்டிய பிறகு டார்ச்சைக் கண்ணாடியை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். சாயம் போன இடத்திலும் பளபளப்பு வித்தியாசப்படும். பாதிப் பெயரும் படைப்பிரிவும் கிடைத்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். முதல் போருக்கு அவர்கள் கணக்கில் எடுப்பது 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களை. ஆகவே 1920இல் காய்ச்சலில் இறந்த சிப்பாயும் அதில் இருக்கலாம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையின் பின்புறம் உள்ள 1914–1918 நினைவுச் சுவரையும் பாருங்கள். இந்தியாவின் பல இடங்களில் பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் ஆயிரத்துக்கும் மேல் அதில் உண்டு.

பழைய துண்டின் மேல் எழுதாதீர்கள், திரும்பச் சூளையிலும் வைக்காதீர்கள். மெல்லிய தெளிந்த கண்ணாடியில் பெயரை எழுதிச் சுட்டு, பழைய துண்டுக்குப் பின்னால் அதே ஈயப்பட்டைக்குள் பொருத்தலாம். நாளைக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் ஜன்னலில் கவசம் அணிந்து நிற்பவர் புனித ஜார்ஜா, தேவதூதர் மிகாவேலா?
– வாசகர், ராயபுரம்

பதில்: இறக்கை இருந்தால் மிகாவேல், பெரும்பாலும் கையில் வாளோ தராசோ. இறக்கையில்லாமல் வெள்ளையில் சிவப்புச் சிலுவை இருந்தால் ஜார்ஜ். பறவைநாகம் (டிராகன்) இருவர் காலடியிலும் வரும், அதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். கீழே கிரீடம் பற்றிய வசனம் பாதி தெரிந்தால் வெளிப்படுத்தின விசேஷம் 2:10ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். போர் நினைவு ஜன்னல்களில் அடிக்கடி வருவது.

கேள்வி: புதிதாக வைக்கும் பலகத்தில் தமிழில் பெயர் எழுத, எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும்?
– வாசகர், தாம்பரம்

பதில்: பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குலம் என்பது பலகை எழுதுவோரின் பொதுக் கணக்கு. தமிழுக்கு அதில் பாதி கூட்டுங்கள். ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் தூரத்திலிருந்து அடைத்துப்போகும். வெளிச்சமான கண்ணாடியில் கறுப்பு எழுத்தைவிட, கறுப்புப் பூச்சைச் சுரண்டி எழுத்தை ஒளிவிடச் செய்வது நன்றாகத் தெரியும். ஆனால் ஒளி பரவி எழுத்து தடித்துத் தெரியும் என்பதால் கோட்டை மெலிதாகவே சுரண்டச் சொல்லுங்கள். சுமார் 620 முதல் 650 டிகிரி செல்சியஸில் சுட்டதா என்று கேட்டு வாங்கவும். வினைல் ஸ்டிக்கர் எழுத்து மேற்குச் சுவரில் நிற்காது.